உறைமோர்க் கொடி

எங்கள் சமையலறை ஜன்னல் திட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதில் கழுத்துவரை தண்ணீர், தண்ணீருக்குள் நாலு வேர், மேலே ஒரு மணி பிளான்ட். ஏழு வருடமாக இதே கோலம்தான். இலை ஒவ்வொன்றும் வெற்றிலை அளவு. அதற்கு மேல் ஒன்றுகூடப் பெருப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து பங்களாவின் தூங்குமூஞ்சி மரத்தில் இன்னொரு கொடி ஏறிக் கிடக்கிறது. அதன் இலைகள் முறம் முறமாகத் தொங்குகின்றன. காற்றில் கந்தலான வாழையிலை மாதிரி ஓரமெல்லாம் பிளவு. தண்டு அப்பளக் குழவியின் கனம்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் இரண்டும் ஒரே செடி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மேல்வீட்டு அக்கா பந்தயமே கட்டிவிட்டார். "நீங்க சும்மா சொல்றீங்க. இது மணி பிளான்ட், அது ஏதோ காட்டுக் கொடி. காசுக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

பந்தயத்தில் நான் ஜெயிப்பது முன்பே தெரியும். பாட்டிலில் இருப்பது அந்த மரத்துக் கொடியின் துண்டு. ஒரு கரண்ட் போன இரவில், மதில் மேல் கை நீட்டி ஒடித்து வந்தது நான்தான். வந்த புதிதில் இரண்டு இலைகள் கொஞ்சம் பெரிதாகவே விட்டன. மூன்றாவது சிறுத்தது, நான்காவது இன்னும் சிறுத்தது, அப்புறம் வெற்றிலைதான்.

மேலே முறம், உள்ளே வெற்றிலை. இது எப்படி நடக்கிறது என்பதைச் சமையலறையில் நின்றுகொண்டே சொல்லிவிடலாம்; தேவையான சாமான் எல்லாம் அங்கேயே இருக்கிறது.

அதற்கு முன் எங்கள் பேட்டையைப் பற்றி இரண்டு வரி. ரிச்சர்ட்ஸ் டவுன் பெங்களூரின் கண்டோன்மென்ட் பக்கத்தில், ஃப்ரேசர் டவுனுக்கும் குக் டவுனுக்கும் அண்டையில் உள்ள பழைய குடியிருப்பு. எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரைத் தாங்கியது. 1909-இல் பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தவர். 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெஜட்டியரைத் தொகுத்தவரும் அவரே. பெரிய வளாகங்கள், வயதான மரங்கள், அவசரமில்லாத தோட்டக்காரர்கள். ஒரு மழைக்காட்டுக் கொடிக்கு நகரத்துக்குள் இதைவிட நல்ல விலாசம் கிடைக்காது.

கொடியின் சொந்த ஊர் தொலைவு. பசிபிக் பெருங்கடலில், டஹீட்டிக்குப் பக்கத்தில் மூரேயா என்றொரு சிறு தீவு. அங்கே மழைக்காட்டு மரங்களில் 20 மீட்டர் உயரம் வரை ஏறும், ஒரு மீட்டர் நீள இலை விடும் கொடி இது. தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். குடும்பம் நமக்கு நெருக்கமானது: சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும் பிறந்த அதே சேம்புக் குடும்பம். நம் பக்கத்தில் இதற்குத் தமிழ்ப் பெயர் ஒட்டவே இல்லை. 'மணி பிளான்ட்' என்று நான் முதன்முதலில் சொன்னபோது என் பாட்டி, "யாருடா அந்த மணி?" என்று கேட்டாள்.

இனி பாட்டிலுக்கு வருவோம். ஒரு குண்டான் தயிர் தோய்க்க இன்னொரு குண்டான் தயிர் வேண்டாம். ஒரு கரண்டி உறைமோர் போதும். அந்தக் கரண்டிக்குள் முழுத் தயிரும் அடக்கம். மணி பிளான்டின் கரண்டி அதன் கணு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி லேசாகப் புடைத்திருக்குமே, அதுதான். அங்கே இலையின் கக்கத்தில் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே பழுப்பாக ஒரு சின்ன முளை, அது வேர். இரண்டும் எப்போதோ தயாராகிவிட்டவை. தண்ணீர் பட்டால் வேர் நீள்கிறது. மொட்டு மட்டும் உடனே எழுந்திருக்காது. கொடியின் நுனியிலிருந்து ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழ்நோக்கி வந்துகொண்டே இருக்கும்வரை, பக்க மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். நுனியை வெட்டியதும் அந்த அதட்டல் நின்றுவிடுகிறது. மூத்த அக்கா கல்யாணமாகிப் போனதும் அடுப்படி அடுத்த தங்கையின் கைக்கு வருகிற மாதிரி, பக்க மொட்டு பொறுப்பேற்கிறது.

கணு இல்லாமல் இலையை மட்டும் காம்போடு கிள்ளி வைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், சில சமயம் வேர்கூட விடும். கொடி வராது. பால் காய்ச்சி ஆறவைத்தாயிற்று, உறைமோர் ஊற்ற மறந்துவிட்டோம் என்ற கதைதான்.

(பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டி, பாட்டிலின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஒன்றரை வாரம்கூட ஆகாது. சுத்தமான தேங்கிய தண்ணீர் என்றால் அதற்கு உயிர்.)

காட்டில் இந்தக் கூட்டத்துக் கொடிகளுக்கு முதல் வேலை மரத்தைக் கண்டுபிடிப்பது. கண் கிடையாது. வழக்கமாகச் செடி என்றால் வெளிச்சத்தை நோக்கி வளையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். காட்டின் தரையில் அப்படி வெளிச்சத்தைத் தேடிப் போனால் திறந்தவெளிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அங்கே ஏற ஒன்றும் இருக்காது. 1975-இல் டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே இருவரும் சயன்ஸ் இதழில் ஒரு விஷயத்தை எழுதினார்கள். மான்ஸ்டெரா என்ற ஒன்றுவிட்ட உறவுக் கொடியின் நாற்றுகள் சுற்றுவட்டத்தில் எந்தப் பக்கம் அதிக இருட்டோ அந்தப் பக்கமாக ஊர்ந்து போகின்றன. தரைமட்டத்தில் இருந்து பார்த்தால் ஒரு மரத்தின் அடிப்பகுதிதான் அகலமான இருட்டு. நம் அடுப்படியில் ராத்திரி விளக்கைப் போட்டதும் கரப்பான்பூச்சி ஓடுமே, சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் நிழலை நோக்கி, அதே கணக்கு. தடித்த மரம் என்றால் இருட்டும் அகலம், தூரத்திலிருந்தே இழுக்கும். மரத்தைத் தொட்ட பிறகு கொடி கட்சி மாறி, வெளிச்சத்தை நோக்கி மேலே திரும்புகிறது.

தொட்டாயிற்று, இனி பிடிக்க வேண்டும். இதற்கு இரண்டு வகை வேர்கள். ஒரு வகை குட்டையானது. தண்டிலிருந்து பக்கவாட்டில் கிளம்பி மரப்பட்டையைக் கவ்வும். பாத்திரம் இறக்கும் இடுக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேரின் மேலிருக்கும் மெல்லிய ரோமங்கள் பட்டையின் சந்துகளில் நுழைந்து, ஈரமாக இருக்கும்போது படிந்து, காய்ந்ததும் இறுகிவிடுகின்றன. கஞ்சி வடித்த பாத்திரத்தை உடனே கழுவினால் ஓடிவிடும். மத்தியானம்வரை விட்டால் ஆணி அடித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும் அல்லவா. மரத்திலிருந்து ஒரு தண்டைப் பிய்த்துப் பாருங்கள், வேரோடு சேர்ந்து பட்டையும் உரிந்து வரும்.

இன்னொரு வகை வேர் நீளமானது. மேலேயிருந்து கயிறு மாதிரித் தொங்கி, நேராக இறங்கி, மண்ணைத் தொட்டு உள்ளே போய்விடும். இது தண்ணீர்க் குழாய். பக்கத்து பங்களா மரத்தில் இப்படிப்பட்ட கயிறுகள் ஏழெட்டு இறங்கியிருக்கின்றன. ஒருமுறை தோட்டக்காரர் கொடியைத் தொலைத்துக்கட்ட நினைத்து, தரையோடு இருந்த தண்டை அரிவாளால் இரண்டாக வெட்டிவிட்டுப் போனார். மேலே ஒரு இலைகூட வாடவில்லை. கார்ப்பரேஷன் தண்ணீரை நிறுத்தினால் போர்வெல் இருக்கிறது என்று அது பாட்டுக்கு இருந்தது.

இப்போது முறம். மரங்கள் எப்படித் தடிக்கின்றன என்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். தூங்குமூஞ்சி மரம் சீரக மிட்டாய் மாதிரி. நடுவில் ஒரு சீரகம். அதன்மேல் சர்க்கரைப் பாகை ஊற்றி உருட்டி, மறுபடி ஊற்றி உருட்டி, பூச்சுமேல் பூச்சாகப் பெருக்குகிறார்கள். மரத்தின் பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படலம் வருடா வருடம் இப்படித்தான் ஒரு பூச்சைச் சேர்க்கிறது. மணி பிளான்ட் தென்னை, மூங்கில் போல ஒருவித்திலைத் தாவரம். அதற்கு அந்தப் படலம் கிடையாது. அது முறுக்கு. நாழியிலிருந்து என்ன பருமனில் வெளியே வந்ததோ அதே பருமனில் வெந்து முடிந்தது. வாணலியில் விழுந்த முறுக்கை யாரும் பிறகு பருமனாக்க முடியாது. இன்னும் தடித்த முறுக்கு வேண்டுமென்றால் அச்சை மாற்ற வேண்டும்.

கொடியின் அச்சு அதன் வளர்நுனி. ஒவ்வொரு கணுவாகப் பிழிந்துகொண்டே மேலே போகிறது. மரத்தைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்து ஏறினால், நுனி ஒவ்வொரு கணுவுக்கும் அச்சைச் சிறிது அகலமாக்குகிறது. தண்டு கொஞ்சம் தடிக்கும், தண்டுக்குள் குழாய்கள் கூடும், இன்னும் கொஞ்சம் பெரிய இலைக்குத் தண்ணீர் தரும் தெம்பு வரும், அந்தப் பெரிய இலை சமைக்கும் சர்க்கரையில் அடுத்த கணு இன்னும் பெரிதாகும். அடியில் மெலிந்தும் மேலே தடித்தும் இருக்கும் விநோதக் கொடி இப்படி உருவாகிறது. மரத்துக்குத் தலைகீழ். முறத்தளவு இலை என்பது பல கணுக்களின் சேமிப்பு. பாட்டிலுக்குள் ஒரே நாளில் கிடைப்பதில்லை.

பிடிமானம் போய்த் தொங்க ஆரம்பித்தால் எல்லாம் பின்னோக்கி ஓடுகிறது. தண்டு மெலியும், கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீளும், இலை சிறுக்கும். காட்டில் இதற்கு நல்ல அர்த்தம் இருக்கிறது: விழுந்துவிட்டாய், பெரிய குடும்பம் நடத்தாதே, செலவைக் குறைத்துக்கொண்டு வேறு மரம் தேடு. என் பாட்டில் கொடியும் ஏழு வருடமாக ஜன்னல் கம்பியில் வழிந்து தொங்கியபடி அந்த வேறு மரத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. வரவேற்பறையில் தோரணமாகத் தொங்கவிட்டு அழகு பார்க்கும் கொடிகள் எல்லாம் வழி தவறிய குழந்தைகள் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் மிளகைச் சொல்லாமல் போக முடியாது. ரிச்சர்ட்ஸ் கெஜட்டியர் எழுதிய அதே சேலத்தின் ஏற்காட்டில், காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி கணுவுக்குக் கணு வேர் ஊன்றி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். வேறு குடும்பம், தொழில் ஒன்று. மிளகில் ஏறும் தண்டு வேறு, அடியிலிருந்து தரையில் ஓடும் கொடி வேறு, காய் பிடிக்கும் பக்கக்கிளை வேறு. நாற்றுக்குத் தோட்டக்காரர்கள் ஓடுகொடியைத்தான் வெட்டுவார்கள். அதுதான் திரும்ப மரம் ஏறும். பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் ஏறவே ஏறாது. தொட்டியில் குத்தாக நின்று காய்க்கும் புதர் மிளகு அப்படி உண்டாக்குவதுதான். மிளகுத் துண்டுக்குத் தான் எந்தக் கிளையிலிருந்து வந்தோம் என்பது மறப்பதில்லை. மணி பிளான்டோ இரண்டு இலையில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடி குழந்தையாகிவிடுகிறது.

முறத்தின் கிழிசல் காற்றடித்து வந்ததில்லை. மெதுவடையை நினையுங்கள். நடுவில் இருக்கும் ஓட்டை வெந்த பிறகு குத்தியதா? வாழையிலையில் தட்டும்போதே விரலால் போட்டதுதான். எண்ணெயில் வடை உப்ப உப்ப ஓட்டையும் அகலமாகிறது. இந்தக் கூட்டத்துக் கொடிகளில், இலை இன்னும் சுருட்டாக மொட்டுக்குள் இருக்கும்போதே குறிப்பிட்ட இடங்களில் சில செல்கள் திட்டமிட்டுச் சாகின்றன. மான்ஸ்டெராவில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். சுருள் விரியும்போது குண்டூசித் துளை பெரிய ஜன்னலாகிறது, ஓரத்தை எட்டினால் பிளவாகிறது.

எதற்கு இந்தச் சிரமம்? 2013-இல் கிறிஸ்டோபர் மியூர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும், மொட்டைமாடி ஞாபகம் வருவதால். காட்டுக்குள் வெயில் பரவலாக விழாது. அங்கொரு திட்டு இங்கொரு திட்டாக நகர்ந்துகொண்டிருக்கும். கூழ்வற்றல் பிழிகிறவர் இருக்கும் மாவை ஒரே குவியலாக ஊற்றுவதில்லை. வேட்டியின் நீள அகலத்துக்கும் இடைவெளி விட்டுக் கிள்ளி வைக்கிறார். மேகம் ஓடும் பெங்களூர் வெயிலில் எந்தத் திட்டு எங்கே நகர்ந்தாலும் ஏதாவது ஒரு வற்றல்மேல் படும். இலையும் அப்படியே. அதே அளவு பச்சையத்தை ஓட்டை விட்டு அகலமாகப் பரப்பினால், மொத்த வருமானம் கூடாவிட்டாலும் பட்டினி நாட்கள் குறையும்.

அதிகாலையில் காபி போட வரும்போது பாட்டில் கொடியின் இலைநுனியில் ஒரு சொட்டு நிற்கும். கீழே கிரானைட் மேடையில் நாலு சொட்டு விழுந்திருக்கும். நான் வெகுநாள் பனி என்று நினைத்தேன். மூடிய ஜன்னலுக்கு உள்ளே ஏது பனி? பகலில் இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிப் போகப்போக, இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல் தண்டுக்குள் தண்ணீர் மேலே இழுபடுகிறது. இரவில் துளைகள் மூடிவிடும். வேர் மட்டும் நிறுத்தாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போன வீட்டில் மாடித் தொட்டி என்ன ஆகும்? வழியும். இலைநுனியில் இருக்கும் சின்ன வடிகால்கள் அதற்காகவே.

சரி, அந்தத் தூங்குமூஞ்சி மரம் பாவமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டுண்ணி என்றால் மரத்தின் குழாயில் ஓட்டை போட்டு உறிஞ்ச வேண்டும். மாமரத்திலும் சப்போட்டாவிலும் வளரும் புல்லுருவி அதைச் செய்கிறது. அது நம் அடுக்களைக்குள் நுழைந்து சட்டியில் கை வைக்கும் ஆள். மணி பிளான்ட் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, தன் கட்டுச்சோற்றைத் தானே பிரித்துச் சாப்பிடும் விருந்தாளி. பாரமும் நிழலும் உண்டு. சின்ன மரமாக இருந்தால் மூச்சு முட்டும். பெரிய மரத்துக்கு அவ்வளவாக உறைப்பதில்லை.

விருந்தாளியைக் கடித்துப் பார்த்துவிடாதீர்கள், அவ்வளவுதான். சேனைக்கிழங்கு நறுக்கினால் கை ஏன் அரிக்கிறது? அதே காரணம் இங்கும். செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள், ஊதுபத்தி பாக்கெட்டில் குச்சி அடுக்கியதுபோல் கட்டுக்கட்டாக இருக்கின்றன. மென்றால் பாக்கெட் உடைந்து ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தும். எரிச்சல், வீக்கம், எச்சில் ஒழுகல். குழந்தைகள், பூனை, நாய் எட்டும் உயரத்தில் பாட்டிலை வைக்க வேண்டாம். சேனையை நம் பாட்டிகள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, புளித்தண்ணீரில் வேகவைத்துச் சரிக்கட்டினார்கள். மணி பிளான்டை யாரும் சரிக்கட்ட முயன்றதில்லை, முயலவும் வேண்டாம்.

ஆனால் உறவுக்காரர்கள் எல்லோரும் உதவாக்கரைகள் இல்லை. பழைய பங்களாத் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கிற மான்ஸ்டெரா டெலிசியோசாவின் பழம், செதில்கள் தானாக உதிரும் அளவுக்குப் பழுத்தபின் அன்னாசி வாசனையோடு தின்னத் தகுந்தது. காயாக இருந்தால் ஊசிதான். நாட்டு மருந்துக் கடையில் வில்லை வில்லையாக விற்கும் யானைத்திப்பிலி, சின்டாப்சஸ் என்ற இதே குடும்பத்துக் கொடியின் காய். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் போத்தோஸ் என்ற கொடி பாறையிலும் மரத்திலும் ஒட்டி ஏறும்; இலைக்காம்பு அகன்று இன்னொரு இலைபோல் இருப்பதால், பார்த்தால் நார்த்தை இலை ஞாபகம் வரும். அந்தப் போத்தோஸ் என்ற பெயர் இலங்கையின் சிங்களப் பெயரிலிருந்து லின்னேயஸ் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டில் மணி பிளான்டை இன்றும் அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள், அது போத்தோஸ் இல்லை என்று தெரிந்த பிறகும்.

'காற்றைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விற்பதும் உண்டு. 1989-இல் நாசாவுக்காக வுல்வர்ட்டன் செய்த சோதனையைக் காட்டுவார்கள். அது காற்றுப்புகாத சின்னப் பெட்டிக்குள் செய்தது. நம் வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் இருக்கின்றன. 2019-இல் கம்மிங்ஸ், வாரிங் இருவரும் பழைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடி செய்ய, ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை வேண்டும் என்று வந்தது. மிளகாய் வறுத்த நெடி வீட்டை நிரப்பும்போது பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஜன்னலைத் திறங்கள்.

கடைசியாக வைத்திருக்கும் விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மணி பிளான்ட் பூத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? மரத்தில் முறம் முறமாக வளர்ந்த கொடியில்கூட? 1880-இல் இதற்குப் போத்தோஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு சின்டாப்சஸ் என்றார்கள். பூவைப் பார்க்காமல் செடிக்குக் கோத்திரம் சொல்வது அவ்வளவு கஷ்டம். 1960-களின் தொடக்கத்தில் ஒருமுறை பூத்தது; அதை வைத்து 1964-இல் எபிப்ரெம்னத்தில் சேர்த்தார்கள். அதற்குப் பின் தானாகப் பூத்ததாகப் பேச்சே இல்லை.

காரணம் 2016-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. பூப்பதற்கு ஜிபரெலின் என்ற ஹார்மோன் வேண்டும். அதைச் செடி படிப்படியாகச் சமைக்கிறது. கடைசிப் படியைச் செய்யும் மரபணு இந்தக் கொடியில் சரியாக வேலை செய்வதில்லை. அரிசி களைந்தாயிற்று, பருப்பு ஊறியாயிற்று, அடுப்பு துடைத்தாயிற்று. தீப்பெட்டி மட்டும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் வெளியிலிருந்து ஜிபரெலினைத் தெளித்தார்கள். அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கரண்டியில் தணல் வாங்கி வந்து அடுப்பு மூட்டுவார்களே, அப்படி. அடுப்பு பற்றிக்கொண்டது. கொடி பூத்தது.

பூ இல்லையென்றால் விதை இல்லை. விதை இல்லாத கொடி, ஒரு சின்னத் தீவிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன்வரை வந்தது கணு கணுவாக, கை மாறிக் கை மாறித்தான். நம் வீட்டுத் தயிர் எந்த உறைமோரிலிருந்து தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால் பாட்டி வீடு, அவள் அண்டை வீடு, அதற்கும் முந்தைய ஏதோ ஒரு சட்டி என்று போய்க்கொண்டே இருக்குமல்லவா? உலகத்து மணி பிளான்டுகள் எல்லாம் அப்படியொரு நீண்ட சட்டி வரிசை. அதனால்தான் தொடக்கத்தில், பாட்டிலும் மரமும் ஒரே இனம் என்று சொல்லாமல் ஒரே செடி என்றேன்.

கை மாறுவதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். வேறு செடிகள் தேனைக் கொடுத்துத் தேனீயை வரவழைக்கின்றன. இதற்கு நாம் ஒரு நம்பிக்கையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டோம்: காசு கொடுத்து வாங்கினால் பலிக்காது, திருடி வைத்தால்தான் வீட்டில் பணம் சேரும். எந்தச் செடிக்கு இப்படி ஒரு விளம்பரம் வாய்த்திருக்கிறது? வாங்கினால் கடையோடு நிற்கும். திருடச் சொன்னால் ஒவ்வொரு மதிலும் ஒரு நாற்றங்கால்.

நம்பிக்கை கண்டியில் கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது. தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகெலே காட்டில் இந்தக் கொடி பல ஏக்கருக்குப் பரவி, தரையையும் மரங்களையும் மூடிவிட்டது. அங்கே அதைத் தின்னும் எதிரி இல்லை. ஈரமும் உயர்ந்த மரமும் இருந்தால் இது சமையலறைச் செடியாக இருக்காது. ஆகவே கத்தரித்த கொடிகளை ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டாதீர்கள். ஒரு கணு தரையில் பட்டால் போதும். பெங்களூரின் மாசி, பங்குனி வறட்சி இங்கே கொஞ்சம் கடிவாளம் போடுகிறது. நிரந்தரக் கடிவாளம் என்று நான் நம்பவில்லை.

மேல்வீட்டு அக்கா பந்தயத்தை அவ்வளவு சுலபமாக விடவில்லை. "பாட்டில்ல இருக்கறது பெரிசாகிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். இரண்டு வருடம் முன்பு பாட்டில் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எங்கள் கேட்டை ஒட்டிய புங்க மரத்தின் அடியில், நிழல் விழும் பக்கமாக ஊன்றினேன். ஒரு பழைய சாக்கைச் சுற்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். முதல் மழைக்கு இடுக்கி வேர்கள் கவ்வின. இப்போது ஆள் உயரம் தாண்டிவிட்டது. மேலே இருக்கும் இலை சாப்பாட்டுத் தட்டு அளவு. போன மாதம் வந்த இலையின் நடுநரம்போரம் நாலு குண்டூசித் துளைகள் இருந்தன. அக்காவை அழைத்துக் காட்டினேன். தடவிப் பார்த்தார். "பூச்சி அரிச்சிருக்கு" என்றார்.

நேற்றுக் காலை பால் வாங்கக் கேட்டைத் திறந்தேன். தெருப்பக்கம் வளைந்து நீண்டிருந்த பக்கக்கொடியைக் காணோம். கத்தியால் வெட்டிய சுத்தமான வெட்டு, சரியாக ஒரு கணுவுக்குக் கீழே. மேல்வீட்டு ஜன்னலில் புதிதாக ஒரு பாட்டில் இருந்தது. தண்ணீர் இன்னும் தெளியவில்லை.